சார்ஜர் தேடி மோட்டார் கொட்டகைக்கு

நாத்தனாரின் வளைகாப்புக்காக வலங்கைமான் பக்கத்தில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். மறுநாள் மதியம் ஆபீஸ் மீட்டிங்கில் வாடிக்கையாளர்களிடம் நான்தான் பேச வேண்டும். லேப்டாப்பைப் பத்திரமாகக் கொண்டுவந்தவள், அதன் சார்ஜரைச் சென்னை வீட்டுச் சுவரிலேயே தொங்கவிட்டு வந்திருந்தேன்.

மாமனார் தன் போன் சார்ஜரைக் கொண்டுவந்தார். "இதப் போட்டுப் பாரும்மா. முனை ஒண்ணாத்தான் இருக்கு."

கச்சிதமாகப் பொருந்தியது. திரையில் மின்னல் குறி வந்தது. மாமியார் நிம்மதியாகச் சமையலறைக்குப் போனார். ஆனால் வேலை பார்க்கப் பார்க்க, மின்னல் குறி இருந்தபடியே சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்தது. மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் கவனித்தார்.

"மடையில தண்ணி வருது. வயலுக்குப் பத்தல" என்றார்.

அதுதான் விஷயம். போன் சார்ஜரின் சக்தி லேப்டாப்புக்குப் போதவில்லை. மாமனார் வண்டியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், பெரிய எழுத்தில் 'அறுபத்தைந்து வாட்' என்று அச்சிட்ட புது சார்ஜர் ஒன்றை வாங்கிவந்தார். அதைச் செருகியதும் லேப்டாப் 'டிங்' என்றது. உடனே சார்ஜ் ஏறுவது நின்றது. மறுபடி 'டிங்'. இப்படியே போனதில், யாரோ வாசலில் மணி அடிப்பதாக நினைத்து மாமியார் ஒரு தடவை போய்க் கதவைத் திறந்து பார்த்தார்.

மாமனார் திரும்பக் கடைக்குப் போனார். கடைக்காரர் தன் போனில் செருகிக் காட்டினாராம். அது சமர்த்தாகச் சார்ஜ் ஏறியதாம்.

"சார்ஜர் நல்லாருக்காம், லேப்டாப்பும் நல்லாத்தான் இருக்குமாம். ரெண்டுக்கும்தான் ஒத்துக்கலையாம்" என்று வந்து சொன்னார், சம்பந்தம் பேசப் போய்த் திரும்பியவர் போல.

மறுநாள் காலை, லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, வயலுக்கு மருந்தடிக்க மாமனார் சொல்லிவைத்திருந்த ட்ரோன்காரப் பெண் வேனில் வந்து இறங்கினாள். கூடத்தில் உட்கார்ந்து மோர் குடித்தபடியே, ட்ரோனின் ரிமோட்டைச் சார்ஜில் போட்டாள். தடித்த கறுப்பு சார்ஜர். அதே முனை.

"இத என் லேப்டாப்ல ஒரு நிமிஷம் போட்டுப் பாக்கலாமா?"

"பாருங்கக்கா. வெடிச்சா நான் பொறுப்பில்ல."

செருகினேன். ஒரே ஒரு 'டிங்'. சார்ஜ் ஏறத் தொடங்கியது. எப்படி என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

"ஆனா இத விட்டுட்டுப் போக முடியாதுக்கா. ரிமோட் பேட்டரி பழசு, நடுநடுவுல ஏத்தணும். ட்ரோன் பறக்குற நேரம் சார்ஜர் சும்மாதான் கெடக்கும். நீங்களும் வயலுக்கு வந்துருங்களேன்."

அப்படித்தான் நல்ல சுடிதாரும் லிப்ஸ்டிக்குமாக நான் மோட்டார் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தேன். யூரியா மூட்டை மேல் லேப்டாப். பிளக் மோட்டார் பக்கத்தில். இணையத்துக்கு என் போன். பேச ஆரம்பித்ததும் ட்ரோன் கிளம்பியது.

"உங்க பக்கம் ஹெலிகாப்டர் ஏதாவது பறக்குதா?" என்று மேனேஜர் கேட்டார்.

பதில் சொல்வதற்குள் மாமனார் தலையில் துண்டோடு திரைக்குள் வந்துவிட்டார். "காத்து இந்தப் பக்கம் திரும்புதும்மா. மருந்து மேல படும், உள்ள தள்ளி உக்காரு."

வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் என்று நான் விளக்கியதும், வாடிக்கையாளர்களில் ஒருவர் அதைப் பார்க்க வேண்டும் என்றார். வேறு வழியில்லாமல் லேப்டாப்பை வயல் பக்கம் திருப்பினேன். பிறகு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. எந்த ரக நெல், எத்தனை அடி உயரத்தில் பறக்கும் என்று எல்லாக் கேள்விகளும் மாமனாருக்குத்தான். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடியே பதில் சொன்னார். என் பேச்சை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

வரப்பில் நடந்து திரும்பும்போது மாமனார் திருப்தியாகச் சொன்னார்: "ஒங்க ஆபீஸ் ஆளுங்க தங்கமானவங்கம்மா. நல்லா வெவரமா கேக்குறாங்க."