வளைகாப்புப் பாட்டும் ஓட்டு ஆட்டோவும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். பொய்யில்லை. ஆனால் என் ஆயுசிலேயே ஜாஸ்தியாகக் கோபப்பட்ட அந்த ஒரு வாரத்தை இன்றைக்கு நினைத்தால், கோபம் வருவதில்லை. எங்கள் தெருப் பெண்களை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றுகிறது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். ஒரு மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், எங்கே கூப்பிட்டாலும் போவோம். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. மேடையில் பாடினால் கைதட்டுகிற அதே ஜனம், தெருவில் வளைகாப்பு என்றால் என் வீட்டைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டில் குங்குமம் கொடுக்கும். பிள்ளை பெறாதவள் கை கர்ப்பிணி மேல் படக்கூடாதாம். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். சொல்லாததால் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

எதிர்வீட்டு அக்காதான் அதை உடைத்தவர். தன் பெண்ணுக்கு வளைகாப்பு வைத்தபோது நேராக வந்து, "நீ வந்து ஒரு பாட்டு பாடும்மா. பாடறதுக்கு இன்னா சாஸ்திரம் கீது?" என்றார். வழக்கமான நலங்குப் பாட்டைப் பாட எனக்கு மனமில்லை. நானே உட்கார்ந்து ஒன்று கட்டினேன். வயிற்றில் இருக்கும் பிள்ளையை வீட்டுக்கு அழைக்கிற பாட்டு. 'வந்து சேரு செல்லமே, வாசலெல்லாம் காத்திருக்கு' என்று தொடங்கும். அதற்கப்புறம் எங்கள் பக்கத்தில் எந்த வீட்டு வளைகாப்பு என்றாலும் எனக்கு அழைப்பு வந்தது. வளையல் போட இல்லை, பாட. ஓரமாக உட்கார்ந்து பாடுவேன். அந்த ஓரம் எனக்குப் போதும் என்று இருந்தேன்.

ஒரு வளைகாப்பில் மைக் செட் போட வந்த பாய் அதை கேசட்டில் பதிந்துகொண்டார். கேட்டவர்களுக்கெல்லாம் காப்பி எடுத்துக் கொடுத்தார். நல்ல மனுஷர், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தேர்தல் வந்தது. ஒருநாள் காலை வாசல் தெளித்துக்கொண்டிருக்கிறேன், தெருமுனையில் என் குரல் கேட்கிறது. கூம்பு ஸ்பீக்கர் கட்டின ஆட்டோ. 'வந்து சேரு செல்லமே' என்று நான் பாடி முடித்ததும் ஒருத்தன் தொண்டை கிழிய, "தாய்மார்களே! வருகிறார், வருகிறார், உங்கள் வேட்பாளர் வருகிறார்!" என்று கத்துகிறான். மறுபடியும் நான். மறுபடியும் அவன். அடக் கடவுளே! வயிற்றுப் பிள்ளைக்குப் பாடினதைத் தூக்கி, மீசை நரைத்த ஆளுக்கு வைத்துவிட்டார்கள். கையிலிருந்த சாணிக் கரைசலை அப்படியே ஆட்டோ மேல் ஊற்றலாமா என்று பார்த்தேன். அதற்குள் போய்விட்டது.

பௌர்ணமி கிரிவலக் கூட்டத்திலும் அதே பாட்டு. மார்க்கெட்டிலும் அதே பாட்டு. "கட்சியில சேர்ந்துட்டியா? சொல்லவே இல்ல?" என்று கீரைக்காரம்மா கூடக் கேட்டார். என் வீட்டுக்காரர் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் கிளார்க். "எலெக்‌ஷன் நேரம்மா, என் வேலைக்கு உலை வெச்சிடாதே" என்றார்.

"நானா ஆட்டோல ஏறிப் பாடுறேன்?" என்று அவர் மேல் பாய்ந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

அந்த வேட்பாளரின் தேர்தல் காரியாலயத்துக்குத் தனியாகவே போனேன். பந்தலில் போண்டா தின்றுகொண்டிருந்த ஒருவரிடம், என்னைக் கேட்காமல் என் பாட்டைப் போடக்கூடாது என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "ஊரெல்லாம் உங்க குரல் கேக்குது, சந்தோஷப்படுங்கம்மா. ஃப்ரீ விளம்பரம்! உங்க பாட்டுனு அதுல எழுதி ஒட்டியிருக்கா இன்னா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வரும் வழியெல்லாம் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத் தனியாகப் பேசிக்கொண்டே வந்தேன்.

அந்தச் சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அன்று சாயங்காலமே தெருக்கோடி வீட்டு அத்தை வந்தார். அவர் மகன் எதிர்க்கட்சியில் வட்டச் செயலாளர். மருமகளுக்கு அந்த வெள்ளிக்கிழமை வளைகாப்பு. பாட வரச்சொல்லி முன்னமே சொல்லியிருந்தார். இப்போது உட்காரக்கூட இல்லை. "தப்பா நெனச்சிக்காதம்மா. இந்த வாட்டி நீ பாட வாணாம். ஊட்டு ஆம்பளைங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு வீடு நிறுத்தினால் அடுத்த வீடும் நிறுத்தும். பிள்ளை இல்லாத எனக்கு இருந்த அந்த ஓரமும் போய்விடும். யாரோ ஓட்டு வாங்க, என் இடம் போகிறது.

இரண்டு நாள் கழித்து வேட்பாளர் எங்கள் தெருவுக்கே வந்தார். எங்கள் பக்கம் வேட்பாளர் தெருவுக்குள் நுழைந்தால் பெண்கள் ஆரத்தி எடுப்பார்கள். எடுத்து முடிக்கும்வரை அவர் கைகூப்பி நிற்க வேண்டும், தாண்டிப் போகக்கூடாது. தெருமுனையில் அக்காதான் முதல் தட்டோடு நின்றார். ஆமாம், அதே எதிர்வீட்டு அக்கா. அவர் அந்தக் கட்சியின் மகளிரணி. அவருக்குப் பின்னால் வரிசையாகத் தட்டுகள். ஆட்டோ என் பாட்டோடு நுழைந்தது. நல்லா இருங்கடி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே நான் என் வாசலில் நின்றேன்.

வேட்பாளர் ஜீப்பை விட்டு இறங்கிக் கைகூப்பினார். அக்கா கற்பூரத்தை ஏற்றினார். ஏற்றிவிட்டு, தட்டைச் சுற்றாமல் அப்படியே நின்றார்.

"சுத்துக்கா, டைம் ஆவுது" என்றான் கூட வந்தவன்.

"பாட்டை நிறுத்துங்க, சுத்துறோம்."

"இன்னாக்கா இது, நம்ம கட்சி ஆட்டோக்கா!"

"கட்சி நம்மளுதுதான். பாட்டு அவளுது" என்று என் பக்கம் கையைக் காட்டினார் அக்கா. "எம் பொண்ணு வயித்துல புள்ளையோட உக்காந்திருந்தப்போ பாடுனது. அதை வெச்சி ஓட்டு கேப்பீங்களா? அது மங்கலப் பாட்டு, உங்க நோட்டீஸ் இல்ல."

பின்னால் இருந்த வரிசையிலும் ஒரு தட்டும் அசையவில்லை. கற்பூரம் உருகிச் சின்னதாகிக்கொண்டே வந்தது. ஓட்டு கேட்டு வந்த இடத்தில் சுற்றாமலேயே ஆரத்தி அணைந்தால் எப்படி இருக்கும்? வேட்பாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. "டேய், அந்த எழவை நிறுத்துங்கடா!" என்று கத்தினார். பிறகு எழவு என்று சொன்னதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டார். பாட்டு நின்றது. தட்டுகள் சுற்றின.

போகும்போது என் வாசலில் நின்று, "கோச்சுக்காதீங்கம்மா. நல்லா இருக்குதுனு பசங்க போட்டுட்டாங்க. இனிமே போட மாட்டாங்க" என்றார். எத்தனை வசவு சேர்த்துவைத்திருந்தேன்! கடைசியில் தலையை மட்டும் ஆட்டினேன். சொன்னபடி அதற்கப்புறம் எங்கேயும் போடவில்லை. அவர் ஜெயித்தாரா தோற்றாரா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்; மறுபடியும் கட்சிப் பேச்சாகிவிடும். அக்காவை அவர் கட்சிக்காரர்கள் கொஞ்ச நாள் எதற்கும் கூப்பிடவில்லை. "அலைச்சல் கம்மியாச்சு" என்றார் அக்கா. அவ்வளவுதான்.

அன்று பொழுது சாய்வதற்குள் கோடி வீட்டு அத்தை குங்குமச் சிமிழோடு வந்தார். நானும் சும்மா விடுவேனா? "உங்க வீட்டு ஆம்பளைங்க ஒத்துக்குவாங்களா அத்தை?" என்றேன்.

"அவங்களா புள்ள பெத்துக்கப் போறாங்க? நீ வாம்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை போனேன். இரண்டு கட்சி வீட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள். என் ஓரத்தில் உட்கார்ந்து முதல் வரியை எடுத்தேன். எத்தனை மேடை ஏறியவள், இரண்டாவது வரிக்கு வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது. அக்கா எடுத்துக் கொடுத்தார். அப்புறம் அத்தை. அப்புறம் எல்லோரும். ஒரு வார்த்தை பிசகவில்லை. என் பாட்டு, என் பாட்டு என்று ஊரெல்லாம் சண்டை போட்டவள் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாட்டு முடிகிற நேரத்தில் மருமகள் கையை நீட்டி என்னைக் கிட்டே இழுத்தாள். எல்லோரும் பார்க்க, என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள்.

"ஒதைக்குது பாருங்கக்கா" என்றாள்.