முருகம்மாள் படித்துக் காட்டிய கடிதம்

மாட்டுங்காவில் பலகாரக் கடை வைத்திருந்த பிரம்மநாயகம் பிள்ளை, முறுக்கு வாங்கிய வகையில் தாராவி முருகம்மாளுக்கு நூற்று நாற்பது ரூபாய் பாக்கி வைத்திருந்தார். அறுபத்து நாலாம் வருஷத்து நூற்று நாற்பது ரூபாய். என் டிரங்குப் பெட்டிப் பட்டறையில் நல்ல கைதேர்ந்த ஆளுக்கு நான் கொடுத்த மாதச் சம்பளத்தைவிட அதிகம். சம்பளத்தில் இந்த ஆறுமுகநயினார் கையை இழுத்துப் பிடிக்கிறவன் இல்லை என்று தாராவியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

முருகம்மாளின் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டார். ஊரிலிருந்து அண்ணன் வந்து, மூட்டையைக் கட்டு என்றார். அவள் போகவில்லை. புருஷன் வாங்கித் தந்த வெண்கலப் பானையை விற்றுவிட்டு இரும்புச் சட்டி ஒன்றும் உரல் ஒன்றும் வாங்கினாள். அவள் சுட்ட முறுக்கைப் பக்கத்து வீட்டில் கடித்தாலும் நம் வீட்டில் கேட்கும். தகரத்தில் அடுக்கித் தலையில் வைத்து, ரயில் பாலம் ஏறி இறங்கி மாட்டுங்கா போய்க் கொடுத்துவிட்டு வருவாள்.

பாக்கியைக் கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். காலையில் போணி ஆவதற்கு முன்னால் கேட்கக்கூடாது. விளக்கு வைத்த பிறகு கேட்கக்கூடாது. செவ்வாய், வெள்ளி ஆகாது. ஆள் நிற்கும்போது கேட்டால் கடைக்காரருக்கு அவமானம். பிள்ளை கடையில் எப்போதும் ஆள் நிற்கும். ஆகக் கேட்பதற்கு அவளுக்கு நேரமே கிடையாது. பிள்ளையும் பொல்லாதவர் அல்ல. கேட்காதவர்களுக்குக் கொடுத்துப் பழக்கமில்லாதவர், அவ்வளவுதான்.

ஐப்பசி நெருங்கியபோது எண்ணெய்க்காரரும் அரிசிக் கடைக்காரரும் கடனை நிறுத்திவிட்டார்கள். அவள் அடுப்பு அணைந்தது. தீபாவளிச் சரக்குப் போடாவிட்டால் வாடகை நிற்கும், வாடகை நின்றால் கோலி, அதாவது அவள் இருந்த ஒற்றை அறை, போகும், கோலி போனால் அண்ணன் வீட்டுத் திண்டாட்டம்தான்.

நான்தான் அவளை எழுத்துக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். மாட்டுங்காவில் ஒரு கல்லூரி. அதில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு வகுப்பறையைத் திறந்து வைப்பார்கள். மனுவோ கடிதமோ கதையோ, எழுத வருகிறவர்களோடு உட்கார்ந்து உதவுவார்கள். ஆனால் எழுதித் தரமாட்டார்கள். விஷயம் யாருடையதோ பேனா அவர் கையில் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். எழுதியதை உரக்கப் படிக்க வேண்டும். எதிரே இருப்பவர் நல்லது கெட்டது சொல்லாமல், தன் காதில் என்ன விழுந்தது என்பதை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் எல்லார் எழுத்தையும் கொடியில் துணி மாதிரித் தொங்கவிடுவார்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற நான் அங்கே எங்கள் சங்கத்து ஆண்டுவிழாப் பேச்சை எழுதினேன். அந்தக் கொடியில் கூட்டம் கூடி நின்று படித்தது என்னுடையதைத்தான்.

முருகம்மாளுக்கு எழுத்துத் தெரியும், புள்ளி வைக்க மட்டும் மறந்துவிடும். முதல் ஞாயிறு முழுக்கக் குனிந்து எழுதினாள். எதிரே மதீனா பீவி, மேலப்பாளையத்துக்காரி, தாராவியில் ரவிக்கை தைக்கிறவள். முருகம்மாள் படித்து முடித்ததும் பீவி தாடையில் கை வைத்துக்கொண்டாள்.

"நீ சொகமா இருக்க. மழை நல்லாப் பெஞ்சிருக்கு. பிள்ளைவாள் அம்மைக்கு முட்டுவலி கொறையணும். இம்புட்டுத்தான் எங் காதுல விழுந்துச்சு. உனக்கு ஒண்ணும் வேண்டாம் போலுக்கே."

அறையே சிரித்தது. முருகம்மாளும் சிரித்தாள், அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நலம் விசாரிக்கிற கடிதத்தில் கடனை எப்படி எழுதுவது என்பது அவள் சங்கடம். நான் உடனே என் பாணியில் சொல்லிக் கொடுத்தேன்: ஏழு நாளைக்குள் வராவிட்டால் மேல் நடவடிக்கை. இன்றைக்கும் சொல்கிறேன், அருமையான வாசகம். அவள் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள்.

"அது உங்க கொரலு, அண்ணாச்சி. நான் படிச்சா எனக்கே பயமா இருக்கும்."

கூடத்தை நடத்திய நம்பிராஜன், அங்கே பி.ஏ. படித்த பையன், தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவளுக்கு மகன் வயது. அவளோ அவனைச் சார்வாள் என்றுதான் கூப்பிடுவாள்.

"பாக்கியைக் கேட்டா நாளைக்கு எம் முறுக்க வாங்குவாரா, சார்வாள்?"

"அதை அப்புறம் பார்க்கலாம், அக்கா. உங்களுக்கு என்ன வேணும்?"

அவள் பேனாவை மூடித் திறந்தாள். பிறகு, "எம் அடுப்பு எரியணும்" என்றாள்.

"அதை எழுதுங்க."

எழுதினாள். எழுதியதை மதீனா பீவியிடம் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டினாள். படிக்கப் படிக்க அந்தக் குரலின் நடுக்கம் குறைந்தது.

கடிதத்தைக் கையில் கொடுக்கப் போன அன்று துணைக்கு நானும் போனேன், புது டெரிலின் சட்டை போட்டுக்கொண்டு. கடையில் வழக்கம்போல் ஆட்கள். பிள்ளை காகிதத்தை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"முருகம்மா, நீ காயிதம் எல்லாம் எழுதுவியா? எங் கண்ணாடி வீட்ல கெடக்கு. நீயே படி, கேப்போம்."

அவளால் முடியாது என்று நினைத்துத்தான் சொன்னார். இத்தனை பேர் நடுவில் கடனைப் பற்றி அவள் வாய் திறப்பாளா? அவள் தகரத்தைக் கீழே வைத்தாள். காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணாச்சி அவர்களுக்கு. உங்கள் கடைப் பாட்டிலில் என் முறுக்கு இருக்கிறது. என் அடுப்பில் தீ இல்லை. எண்ணெயும் அரிசியும் கடன் கிடைக்கவில்லை. நீங்கள் தர வேண்டிய நூற்று நாற்பது ரூபாய் வந்தால் அடுப்பு எரியும். தீபாவளி முறுக்கு முதலில் உங்களுக்குத்தான் வரும். அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? அவர்கள் பல்லுக்கு ஏற்றபடி வெண்ணெய் போட்டுத் தேன்குழல் தனியாகச் சுட்டுத் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம். இப்படிக்கு, முருகம்மாள்."

பொட்டலத்துக்குக் காத்திருந்த ஒரு மாமி முருகம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"அம்மைக்குத் தேன்குழல்னா உசிரு" என்றார், வேறு யாரிடமோ சொல்கிற மாதிரி. பிறகு கல்லாவை இழுத்தார். "கையை நீட்டு, தாயி."

அவள் காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு வலது கையை நீட்டினாள். எண்ணெய் தெறித்துத் தெறித்துப் பொட்டுப் பொட்டாகத் தழும்பேறிய கை. எங்கள் பக்கத்து வியாபாரிகள் நல்ல காரியத்துக்கு எண்ணும்போது ஒன்று என்று தொடங்கமாட்டார்கள். பிள்ளை பத்து ரூபாய் நோட்டு ஒன்றை எச்சில் தொடாமல் எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

"லாபம்" என்றார். அடுத்ததை அதன்மேல் வைத்து "ரெண்டு" என்றார். பதினாலு வரும்வரை அவள் விரலை மடக்கவில்லை.