கிராம் அக்காவும் கான்கிரீட் கட்டைகளும்

ஆய்வுக்கூடத்தில் எனக்கு ‘கிராம் அக்கா’ என்று பெயர். பேட்டரியின் எடையில் ஒரு கிராம் குறைந்தால் போதும், பெற்ற பிள்ளை பாஸான மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன். இந்தப் பைத்தியம் வீட்டையும் விடவில்லை. வீட்டுக்காரரின் சாவிக்கொத்து கனமாக இருக்கிறதென்று பாதிச் சாவிகளைக் கழற்றி எறிந்திருக்கிறேன். அதில் ஒன்று அலமாரிச் சாவி. அலமாரி இன்னும் பூட்டியே கிடக்கிறது.

விமானத்துக்கும் கப்பலுக்கும் ஏற்ற மாதிரி, எடை குறைவாகவும் சக்தி அதிகமாகவும் உள்ள பேட்டரி செய்வதுதான் எங்கள் வேலை. வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி ஒருவழியாகச் செய்துவிட்டோம். விமானக்காரர்கள் இன்னும் சோதிக்க வேண்டும் என்று இழுத்தடித்தார்கள். துறைமுகத்தில் பயணிகள் படகு விடுகிறவர்கள்தான் முதலில் சரி என்றார்கள். அந்தப் படகின் அடித்தட்டில் ஏற்கெனவே பழைய பேட்டரிகள் இருந்தன, ஒவ்வொன்றும் யானைக்குட்டி கனம். அவற்றை எடுத்துவிட்டு எங்களுடையதை வைப்பதாக ஏற்பாடு.

கூட்டத்தில் படகை வடிவமைத்தவர், “இவ்வளவு எடை குறைஞ்சா படகு மேல வந்துடும் மேடம்,” என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து நன்றி சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் அடக்கத்தைக் கண்டு வியக்கிறார் என்று அதையும் என் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

பேட்டரி மாற்றிய பிறகு, படகைப் பார்க்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு பெருமையாகப் போனேன். படகு தக்கை மாதிரி தண்ணீரின் மேல் நின்றது. கரையிலிருந்து ஏறுவதற்குப் போட்ட பலகை ஏணி போல் செங்குத்தாக நின்றது. சின்ன அலைக்கே அப்படி ஓர் ஆட்டம். இதில் ஆளை ஏற்ற மாட்டேன் என்று கேப்டன் கையை விரித்துவிட்டார்.

“இப்ப என்ன செய்யணும்?” என்று கேட்டேன்.

“வெயிட் ஏத்தணும்,” என்றார்.

அந்த எடைக்கும் எங்கள் பேட்டரியையே வைத்தால் இன்னும் வெகுதூரம் போகலாமே என்று மன்றாடிப் பார்த்தேன். அக்கரைக்குப் போய்த் திரும்புகிற படகுக்கு வெகுதூரம் எதற்கு என்று கேட்டார்கள். கிரேன் வந்தது. பாதி ஆயுசைக் கொடுத்து நான் குறைத்த எடையை, கான்கிரீட் கட்டைகளாக அடித்தட்டில் அடுக்கினார்கள்.

வீட்டுக்காரர் இறங்குகிற கட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு என் காதோரம், “நானும் இறங்கி உட்கார்ந்துக்கவா? அரைக் கட்டைக்கு ஆவேன்,” என்றார். முறைத்தேன். முறைப்பு பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது.

படகு இப்போது நன்றாகவே ஓடுகிறது. முன்னைவிட ஆட்டம் குறைவு என்று பயணிகள் புகழ்கிறார்களாம். புகழெல்லாம் கான்கிரீட்டுக்கு.

போன வாரம் விமானக்காரர்கள் கூப்பிட்டார்கள். எங்கள் பேட்டரியோடு அவர்களுடைய சின்ன விமானம் பறந்து, பத்திரமாக இறங்கியும்விட்டதாம். எடையை இன்னும் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாராளமாக முடியும் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்பதுதான் தெரியவில்லை.