பெயர் எழுதாத அறிக்கை

எழுபத்து மூன்று வயதில் லத்தீன் படிக்க ஆரம்பித்தேன். ஆசைப்பட்டு அல்ல. எங்கள் பங்குக் கோயில் ஆண்டுவிழாவுக்கு ஆயர் வருகிறார், பாடகர் குழு நான்கு பாட்டுகளை லத்தீனில் பாட வேண்டும் என்று முடிவாகியிருந்தது. உதவிப் பங்குத்தந்தை முப்பது வயதைத் தாண்டியிருந்தால் அதிகம். "அர்த்தம் தெரியாம பாடுனா அது ஜெபம் இல்ல, சத்தம்" என்று சொல்லி, சனிக்கிழமை நான்கு மணிக்கு மறைக்கல்வி அறையில் வகுப்பு வைத்தார். முதல் வாரம் பதினான்கு பேர் போனோம். ஐந்தாவது வாரம் மூன்று பேர் மிஞ்சினோம்.

ஒருத்தி ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்யும் பெண். எங்கள் குழுவில் மேல் ஸ்தாயியில் பாடுகிறவள் அவள்தான். இன்னொருவன் நான். வேலூரில் வேதியியல் படித்து, ஆம்பூரில் ஒரு டேனரியில் முப்பது வருடத்துக்கு மேல் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். மூன்றாமவர் அதே டேனரியில் எனக்குக் கீழே டிரம் ஓட்டியவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். எட்டாவது வரை படித்தவர். வகுப்பில் எங்கள் எல்லோரையும் விட வேகமாக மனப்பாடம் செய்தவரும் அவர்தான்.

அவருக்கு நான் ஒரு கெடுதல் செய்திருந்தேன். அது அவருக்குத் தெரியாது. அதைவிட மோசம், நான் அவருக்கு நல்லது செய்ததாக நம்பிக்கொண்டிருந்தார். இருபது வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பா நிறையக் கல்கல் பலகாரம் வரும். நானும் வாங்கி வைத்துக்கொள்வேன். அவரிடம் உண்மையைச் சொன்னால் அந்த மரியாதை போய்விடும் என்ற பயத்திலேயே என் வயதான காலம் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஐந்தாவது சனிக்கிழமைதான் ஃபாதர் வினைச்சொல்லில் புதிய பாடம் எடுத்தார்.

"இதுவரைக்கும் படிச்சதெல்லாம் ஒருத்தர் ஒரு வேலையைச் செய்றது. செய்வினை. இன்னைக்கு அதோட மறுபக்கம்" என்றார்.

"செய்வினைன்னா எங்க தெருவுல வேற ஃபாதர்" என்றாள் தையல்காரப் பெண். "எலுமிச்சம்பழம், குங்குமம், நடு ராத்திரி."

"அது லத்தீன்ல வேண்டாம்மா. ஆயர் வர்றாரு" என்று ஃபாதரும் சிரித்தார்.

பிறகு அவரவர் வேலையிலிருந்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார். டிரம்காரர் கையைத் தூக்கினார்.

"டிரம்முக்கு லத்தீன்ல இன்னா ஃபாதர்?"

"அந்தக் காலத்துல டிரம் ஏது? சக்கரம்னு வச்சிக்கலாம். ரோத்தா."

டேனரியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் டிரம் என்பது ஓர் அறை உயரத்துக்குப் படுக்க வைத்த மரப் பீப்பாய். உள்ளே தோலும் தண்ணீரும் மருந்தும் போட்டுக் கதவை மூடினால் மணிக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். அழுகக்கூடிய ஆட்டுத்தோல் அழுகாத தோலாக மாறுவது அதற்குள்தான். டிரம் ஓட்டுகிறவருக்கு டேனரியில் தனி மதிப்பு உண்டு.

ஃபாதர் கரும்பலகையில் இரண்டு வரி எழுதினார். நாங்கள் படிப்பதற்காகத் தமிழ் எழுத்திலும் போட்டார். 'விர் ரோத்தாம் வெர்ஸாத்.' ஆள் சக்கரத்தைச் சுற்றுகிறான். 'ரோத்தா ஆ வீரோ வெர்ஸாத்துர்.' சக்கரம் ஆளால் சுற்றப்படுகிறது. கடைசியில் ஒரு 'துர்' சேர்ந்ததும் சக்கரம் முன்னால் வந்துவிட்டது, ஆள் பின்னால் போய்விட்டான். பிறகு ஃபாதர் டஸ்டரை எடுத்து நடுவிலிருந்த 'ஆ வீரோ'வை அழித்தார்.

"ஆளை எடுத்தாச்சு. இப்பவும் வாக்கியம் முழுசுதான். பாருங்க, ஒண்ணும் குறையல. யார் சுத்துனாங்கன்னு சொல்லணும்னு கட்டாயம் இல்ல."

டிரம்காரர் சிரித்துவிட்டார். "டேனரில அது நடக்காது ஃபாதர். டிரம் கதவுலயே சாக்பீஸ்ல ஆள் பேரு இருக்கும். நீங்க எழுதலன்னாலும் யாருன்னு கதவைப் பாத்தா தெரிஞ்சிடும்." என் பக்கம் திரும்பினார். "இன்னா சார், கரெக்டா?"

"கரெக்ட்" என்றேன். அதற்குப் பிறகு அன்றைய பாடம் எதுவும் என் காதில் விழவில்லை.

நடந்தது இது. ஒரு நாள் மத்தியானம் வேலூரில் மைத்துனன் மகளுக்கு நிச்சயதார்த்தம். நாலு மணி ரயிலை விட்டால் போய்ச் சேர முடியாது. இவர் ஓட்டிய டிரம்மில் ஒரு லாட் ஆட்டுத்தோல் குரோம் மருந்து குடித்து முடித்திருந்தது. அதன்பிறகு சோடாக் கரைசலை மூன்று பங்காக்கி, அரை மணிக்கு ஒரு பங்கு என்று ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் தோலின் முகம் சுருங்கிப் பச்சைத் திட்டு விழும். அதைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று ஊற்ற வைக்க வேண்டும் என்பது விதி. நிற்க எனக்கு நேரம் இல்லை.

"மொத்தமா ஊத்திடு" என்றேன்.

"சார், மூணு தடவ தானே?"

"பரவால்ல, ஊத்து."

"வேணாம் சார், பேஜாராயிடும். நீங்க கெளம்புங்க, நானே இருந்து மூணு தடவயா ஊத்திக்கிறேன்."

அவரை நம்பியிருக்கலாம். என்னைவிட அந்த டிரம் அவருக்குத்தான் தெரியும். ஆனால் நான் இல்லாத நேரத்தில் ஊற்றியது தெரிந்தால் என்னைக் கேட்பார்கள். போவதற்கு முன் வேலை முடிந்துவிட்டதாக இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். "எனக்கு நீ சொல்லித் தர்றியா?" என்று கத்தினேன். ஊற்றினார். நான் ரயிலைப் பிடித்தேன். நிச்சயதார்த்தத்தில் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் டிரம்மைத் திறந்தபோது லாட் முழுவதும் திட்டுத் திட்டாக இருந்தது. முதலாளி எழுத்தில் கேட்டார். ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினேன். சோடா ஒரே தடவையில் ஊற்றப்பட்டுள்ளது, அதனால் தோல் கெட்டுள்ளது என்று. அதில் பொய் ஒன்றும் இல்லை. யார் பெயரும் இல்லை. நாம் பேசும்போது யாரும் இப்படிப் பேசுவதில்லை. பால் கொட்டினால் 'கொட்டிட்டேன்' என்போம், இல்லை 'அவன் கொட்டிட்டான்' என்போம். 'கொட்டப்பட்டுள்ளது' என்று எழுதக் கற்றுக்கொள்ள எனக்குக் கல்லூரிப் படிப்பு தேவைப்பட்டது.

முதலாளி தாளைப் படித்தார். எழுந்து டிரம்முக்குப் போனார். கூடவே நானும் போனேன். கதவில் லாட் எண்ணுக்குக் கீழே சாக்பீஸில் டிரம்காரர் பெயர். வேலைக்கு ஏறும்போது ஒவ்வொரு டிரம்காரரும் தன் கையாலேயே எழுதிக்கொள்வது வழக்கம். அதில் அவர்களுக்கு ஒரு பெருமை. சூப்பர்வைசர் பெயரை எந்தக் கதவிலும் எழுதுவதில்லை. முதலாளி அந்தப் பெயரைப் படித்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அன்று சாயங்காலமே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். சார் சொன்னார் என்று அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. தூங்கி டிரம்மைக் கெடுத்தவர் என்ற பேச்சு ஆம்பூர் பக்கம் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? பிறகு எந்த டேனரியும் அவரிடம் டிரம் கொடுக்கவில்லை. பச்சைத்தோல் மூட்டை தூக்கினார். கடைசியில் ஒரு ஷூ கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தார்.

இதற்கிடையில் ஆபீஸ் கிளார்க் ஒருவர் அவரிடம் நல்ல எண்ணத்தில் ஒன்று சொல்லியிருக்கிறார். 'சார் ரிப்போர்ட்ல உன் பேரை எழுதவே இல்லப்பா. முதலாளிதான் கதவைப் பாத்துட்டாரு.' அதிலிருந்து நான் அவரைக் காப்பாற்றப் பார்த்தவன் ஆகிவிட்டேன். கல்கல் டப்பா அங்கே தொடங்கியது. நான் மறுக்கவில்லை. குருவிடம் பாவத்தைச் சொல்லும் ஒப்புரவில்கூட இரண்டொரு முறை, 'என்னால் ஒருவருக்குத் துன்பம் நேர்ந்தது' என்றுதான் சொல்லியிருக்கிறேன். அங்கேயும் துன்பம் தானாக நேர்ந்திருக்கிறது.

அந்தப் பாடத்துக்குப் பிறகு இரண்டு சனிக்கிழமை கடத்தினேன். மூன்றாவது சனிக்கிழமை வகுப்பு முடிந்து நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் வழக்கம்போல் நானும் டிரம்காரரும் உட்கார்ந்தோம். டீ வருவதற்குள் சொல்லிவிட்டேன். உன் பெயரை எழுதாமல் விட்டது உனக்காக இல்லை, உன் பெயரை எழுதினால் யார் சொல்லி ஊற்றினாய் என்ற கேள்வி வரும், அதனால்தான் யார் பெயரும் இல்லாமல் எழுதினேன் என்றேன். முதலாளி கதவைப் படிக்கும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன் என்பதையும் சொன்னேன்.

அவர் டீயை வாங்கிக் கீழே வைத்தார்.

"நீ மொத்தமா ஊத்தச் சொன்னது எனக்குத் தெரியும். நான் அங்கதானே இருந்தேன்" என்றார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக 'நீ' என்றார். "அவசரத்துல சொல்லிட்ட, அப்புறம் மனசு கேக்காம எனக்காகப் பேசியிருப்பன்னு நெனச்சேன். பேசவே இல்லயா?"

"இல்ல."

"ஒரு வார்த்த கூட?"

"இல்ல."

எழுந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் சரிதான்.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆகப்போவுது? வீட்டாண்ட வந்து என் பொண்டாட்டிகிட்ட சொல்லு. அவ இன்னைக்கு வரைக்கும் நான் தூங்கிட்டுதான் கெடுத்தேன்னு சொல்றா."

பின்னாலேயே நடந்தேன். பத்து நிமிட நடை. அவர் மனைவி வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வா சார், வா" என்று நாற்காலி எடுக்கப் போனார். வேண்டாம் என்று நின்றபடியே சொன்னேன்.

"சோடாவை மொத்தமா ஊத்தச் சொன்னது நான். இவர் வேணாம்னாரு. நான் கத்தினேன். அப்புறம் என் பேரை மறைச்சு ரிப்போர்ட் எழுதினேன். இவர் தூங்கல."

அவர் கையில் பாதி உரித்த பூண்டு இருந்தது. கணவரைப் பார்த்தார்.

"ஏன்யா, வேணாம்னு சொன்னேன்னு நீ எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே. சார் படிச்சவரு, அப்படிச் சொல்லமாட்டாருன்னு நீதான் சொன்ன."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் உனக்குக் கல்கல் சுட்டுக் குடுத்தேனே. அதெல்லாம் சாப்ட்டியா நீ?"

"சாப்ட்டேம்மா."

"எப்படிய்யா எறங்குச்சு?"

தலையைக் குனிந்து நின்றேன். அவர் நன்றாகத் திட்டினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வெளியே வந்து கேட்டார்கள். அவர்கள் கேட்டது நல்லது. இருபது வருடமாக அந்தத் தெருவில் தூங்கி டிரம்மைக் கெடுத்தவர் என்று பேர் வாங்கியவர், சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திட்டி முடித்ததும் அந்த அம்மா உட்கார்ந்து மறுபடி பூண்டை எடுத்தார்.

"இனிமே உனக்குக் கல்கல் கெடையாது" என்றார். அவ்வளவுதான்.

நடந்தாலே வலிக்கும் என் கால் முட்டி திரும்பி வரும் வழியில் வலிக்கவில்லை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். வழக்கமான இடத்தில் அல்ல, தையல்காரப் பெண்ணுக்கு அந்தப் பக்கம். நான்கு வாரம் அங்கேயே உட்கார்ந்தார். விழாவன்று பாட்டு மேடையில் உயர வரிசைப்படி நிற்க வைத்தபோது என் பக்கத்தில் வந்துவிட்டார். மூன்றாவது பாட்டில் நான் ஒரு வரியை விட்டேன். அவர் குரலை எனக்குக் கேட்கும்படி கொஞ்சம் ஏற்றிப் பாடினார். அதைப் பிடித்துக்கொண்டு மீதியைப் பாடினேன்.

அந்த டிசம்பரில் டப்பா வரவில்லை. கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து அவர் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தார், கையை வீசிக்கொண்டு.

"டீ போடச் சொல்லு" என்றார், நாற்காலியை இழுத்துக்கொண்டு. "சக்கர ஜாஸ்தியா."

நானே உள்ளே போய்ப் போட்டேன்.