அந்த ஆறு வருடங்களை எழுதியது நான்

அப்பா எங்களைப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் எல்லோருக்கும் அப்பாவைத் தெரியும். அவரைப் பற்றிய ஒரு வேடிக்கைக் கதையும் தெரியும். அந்தக் கதையில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

மலருக்காக அப்பாவின் குணங்களை வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தேன். காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார். சிறியவர்களையும் மரியாதையாகவே அழைப்பார். இரவல் வாங்கிய குடையை மறுநாளே திருப்பிக் கொடுப்பார். பொய் பேசமாட்டார். அச்சுக்குப் போகும்முன் படித்துப் பார்த்த சித்தப்பா, கடைசி வரியை மட்டும் பென்சிலால் அடித்திருந்தார்.

"மக்களே, இது மட்டும் வேண்டாம். வாசிச்சா ஆளுக சிரிப்பாங்க," என்றார் என்னிடம். "அண்ணன் தங்கமான மனுஷன்தான். ஆனா அந்த ஆறு வருஷக் கதை எல்லாருக்கும் தெரியுமே."

சித்தப்பா அடித்ததில் தவறில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்குத் தெரிந்ததை நான்தான் யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா தோவாளைக்குப் பக்கத்தில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினேழு வயதில் திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புச் சாமான் கடையில் சேர்ந்தார். கீல், தாழ்ப்பாள், ஆணி என்று எதைக் கேட்டாலும் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி எடுப்பார். கடையின் சின்ன வேனையும் அவர்தான் ஓட்டினார். இருபத்தாறு வருடம் அதே கடை. தம்பி தங்கைகளின் திருமணங்கள், தன் திருமணம், கரமனையில் வாடகை வீடு, என் படிப்பு எல்லாம் அந்த வேலையில் நடந்தவை.

முதலாளி காலமான பிறகு அவருடைய பிள்ளைகள் கடையை விற்றுவிட்டார்கள். அப்போது அப்பாவுக்கு நாற்பத்து மூன்று வயது. வேறு கடையில் சேரச் சொன்னார்கள். "இனி ஏணில ஏறி எறங்க கால்முட்டு சம்மதிக்காது. உக்காந்து செய்ற வேல பாக்கேன்," என்று சொல்லி, லாரி ஓட்டுவதற்கான ஹெவி லைசென்ஸுக்குப் படித்தார். முதல் முறை தேறவில்லை. இரண்டாம் முறை கிடைத்தது. அன்று அம்மாவுக்கும் எனக்கும் பாலடைப் பிரதமன் பாயசம் வாங்கி வந்தார்.

புதிதாக லைசென்ஸ் எடுத்தவரை இரண்டாவது டிரைவராக ஏற்றிக்கொள்ள வெளிமாநில லாரிகள் தயாராக இருந்தன. அப்பா போகவில்லை. அம்மாவுக்கு அப்போது வலிப்பு வரும். பெரும்பாலும் தூக்கத்தில்தான் வரும். நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். இரவில் அம்மாவின் பக்கத்தில் ஆள் இருந்தாக வேண்டும். அதனால் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற உள்ளூர் ஓட்டம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. ஆனால் குறுகிய சந்தும் ஏற்ற இறக்கமுமான இந்த ஊரில், உள்ளூர் ஓட்டத்துக்குத்தான் எல்லோரும் அனுபவம் கேட்டார்கள்.

நான் அப்போது கணினிப் பொறியியல் இரண்டாம் ஆண்டு. எதற்கும் பட்டியல் போடுவது என் பழக்கம். அப்பா வேலை கேட்கக்கூடிய இடங்கள் பத்தொன்பதை எழுதினேன். சிமெண்ட் கிடங்கு, கேஸ் ஏஜென்சி, பால் வண்டி, குவாரி டிப்பர், பார்சல் அலுவலகம். ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன வண்டி, யாரைப் பார்க்க வேண்டும், என்ன பதில் என்று கட்டங்கள். அப்பா பதினோரு இடங்களுக்குப் போய்வந்தார். பதினோரு இடத்திலும் எத்தனை வருடம் ஓட்டினீர்கள் என்று கேட்டார்கள். பதினோரு இடத்திலும் அவர் "புதுசுதான்" என்று சொல்லிவிட்டு வந்தார். என் பட்டியலில் பதினோரு சிவப்புக் கட்டங்கள் விழுந்தன. அலைந்து களைத்த ஒரு மனிதர் எனக்கு அதில் தெரியவில்லை. சரியாக நிரப்பப்படாத ஒரு கட்டம்தான் தெரிந்தது.

அந்த வாரம் அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு பயோடேட்டா தயாரித்தேன். கனரக வாகனம் ஓட்டிய அனுபவம் என்ற இடத்தில் ஆறு வருடம் என்று அடித்தேன். ஓர் இடத்தில் ஐந்து கேட்டிருந்தார்கள். ஒன்று கூடுதலாக இருக்கட்டும் என்று ஆறு.

அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. "இதில என்னவெல்லாம் எழுதியிருக்க, மக்களே?" என்று கேட்டார்.

"எல்லாம் வேண்டியதுதான்ப்பா. கையெழுத்துப் போடுங்க."

தமிழில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தாளைச் சித்தப்பா, தனக்குத் தெரிந்த ஒரு டைல்ஸ் கிடங்கு முதலாளியிடம் கொடுத்தார். தெரிந்தவர் மூலம் வந்ததால் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை வரச் சொன்னார். வந்ததும் லோடு ஏற்றிய லாரியைக் கொடுத்து, ஸ்ரீகாரியம் பக்கம் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்கு அனுப்பினார். அந்தத் தெரு செங்குத்தான ஏற்றம். பாதியில் வண்டி நின்றுவிட்டது. மறுபடி எடுக்கும்போது பின்னோக்கி உருண்டு ஒரு வீட்டின் மதிலை இடித்தது. பின்னால் நின்று கை காட்டிக்கொண்டிருந்த சுமைத்தொழிலாளி சுகுமாரன் அண்ணன் தாவி விலகியதில் கீழே விழுந்து, மணிக்கட்டு ஒடிந்தது.

விடுமுறைக்கு வந்திருந்த என்னையும் அழைத்துக்கொண்டு சித்தப்பா கிடங்குக்கு ஓடினார். முதலாளியின் அறையில் அப்பா நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் டைல்ஸ் தூள். மேசையில் நான் அடித்த தாள் இருந்தது.

"ஆறு வருஷம்னு எழுதியிருக்கல்லோ," என்றார் முதலாளி. "எங்க ஓட்டிச்சு? கம்ப்யூட்டர்லயா?"

தாளை அப்பா பக்கம் திருப்பி வைத்தார்.

"அண்ணாச்சி, நான் புதிய ஆளை எடுக்காத்தவன் ஒண்ணும் இல்ல. புதுசுன்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா, ரெண்டு வாரம் கூட ஒரு பழைய டிரைவரை இருத்தி விட்டிருப்பேனே. எல்லாப் புதிய ஆளுக்கும் இங்க அதுதானே வழக்கம். ஆறு வருஷம்னு கண்டதுகொண்டல்லே தனியா விட்டேன்? இது யாரு எழுதினது?"

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் முதலாளி," என்றார் அப்பா. "நான் சொல்லிக் குடுத்தேன். பிள்ள டைப் பண்ணிச்சு, அவ்வளவுதான். ஒரு தெத்து பற்றிப்போச்சு, தப்புதான்."

நான் அந்த அறையில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பாவும் நானும் ஒரே இருக்கையில் உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா முன்னால் நின்றார். "நான் போய்ச் சொல்லிடட்டுமாப்பா?" என்று மெதுவாகக் கேட்டேன். "வேண்டாம்," என்றார் அப்பா. "உனக்கு இனியும் எத்தனையோ எடத்துல பேப்பர் குடுக்கணும். எனக்கு இது ஒண்ணுதான். போட்டும்." பிறகு, "மதில் எந்த வீட்டுதுன்னு பாத்து வச்சிருக்கேன். நாளைக்குப் போயி ஒரு வார்த்த சொல்லணும்," என்றார்.

அவர் அதை அன்றைக்காகச் சொன்னார். நான் அதை வாழ்நாள் முழுவதற்கும் அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

கிடங்குக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசுகிறவர்கள். பட்டியலில் மீதமிருந்த எட்டு இடங்களிலும் அப்பா போவதற்கு முன்பே கதை போய்ச் சேர்ந்திருந்தது. ஏறக்குறைய ஒரு வருடம் ஸ்டியரிங் தொடாமல் இருந்தார். கிள்ளிப்பாலம் பக்கம் லாரி கழுவப் போனார். மாலையில் சுகுமாரன் அண்ணன் வீட்டுக்குப் போவார். கட்டுப் போட்ட கையோடு இருந்தவரைப் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவார். கை சரியான பிறகு அவர்தான், தண்ணீர் டேங்கர் வைத்திருக்கும் ஒருவரிடம் அப்பாவைக் கூட்டிப்போனார். அங்கே அவர் சொன்னதை அப்பா எங்களிடம் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார்: "மதில் இடிச்ச ஆளுதன்னே. ஆனா இடிச்சிட்டு ஓடிப்போகாத்த ஆளு."

அந்த டேங்கரை அப்பா எட்டரை வருடம் ஓட்டினார். பள்ளிக்கூட நேரத்தில் பெரிய வண்டிகளுக்கு நகரத்துக்குள் தடை. அந்த நேரங்களில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அம்மாவுக்குப் போன் செய்வார். மாத்திரை சாப்பிட்டாயா என்பது மட்டும்தான் பேச்சு. ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்த எட்டரை வருடத்தில் ஒரு மதிலையும் அவர் தொடவில்லை.

ஆனால் நம் குடும்பத்தில் அவர் 'ஆறு வருஷம்' ஆகிவிட்டார். கல்யாண வீட்டில் அவர் பந்திக்கு வந்தால், "ஆறு வருஷம் டிரைவர் வந்தாச்சு, வழி விடுங்க, மதிலப் பாத்துக்கோங்க" என்பார்கள். யாராவது கொஞ்சம் மிகைப்படுத்திப் பேசினால், "இது உள்ள கணக்கா, ஆறு வருஷக் கணக்கா?" என்பார்கள். அப்பா கூடவே சிரிப்பார். சொன்னவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்பாவைத் தவிர, நடந்தது தெரிந்திருந்த ஒரே ஆள் நான்.

நான் பேசியிருக்க வேண்டிய இடங்களையும் பட்டியலாகவே வைத்திருக்கிறேன். முதலாளியின் அறை. அந்தப் பஸ். எனக்குக் கழக்கூட்டம் ஐ.டி. பூங்காவில் வேலை கிடைத்த நாள். என் நிச்சயதார்த்தம். இதில் கழக்கூட்டத்து வேலை கிடைத்த நாளைத்தான் சொல்லவே கூசுகிறது. வீட்டுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். அத்தை மகன் தன் சம்பளத்தைப் பற்றிப் பெருமையாக ஏதோ சொன்னான். "இது என்ன, ஆறு வருஷக் கணக்கா?" என்று நானே கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். என் தட்டில் இன்னொரு வடை வைத்துவிட்டு உள்ளே போனார்.

மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடித்து, எங்கே, எப்போது, யாரால் என்று எழுதி அனுப்புவது என் வேலை.

அப்பாவுக்கு நோய் வந்தது கல்லீரலில். மூன்று மாதம் இருந்தார். வார்டில் ஒரு சிஸ்டர் என்ன வேலை என்று கேட்டார். டேங்கர் டிரைவர் என்றார். எத்தனை வருடம் என்று அவர் கேட்டபோது, அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணில் ஒரு குறும்பு. "எட்டர," என்றார். "இது சரியான கணக்கு, சிஸ்டரே." நான் அவருடைய கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

துக்கம் கேட்க வந்த டேங்கர் முதலாளி ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். வேலை கேட்டு வந்தபோது அப்பா தாமே எழுதிக் கொடுத்ததாம். தமிழ் தெரியாத முதலாளி, சாலைக் கடைத்தெருவில் ஒரு கடைக்காரரைக் கொண்டு வாசிக்கவைத்துக் கேட்டிருக்கிறார். கேட்டதும் பழைய டிரைவரோடு இரண்டு மாதம் உட்காரச் சொல்லியிருக்கிறார். அதில் இருப்பது இவ்வளவுதான்:

"ஹெவி லைசென்ஸ் எடுத்து ஒன்றே கால் வருஷம். ஓட்டிய அனுபவம் ஒரு நாள். அன்று ஒரு மதிலை இடித்தேன். ஒருவருக்குக் கை ஒடிந்தது. கூட ஓர் ஆளை இருத்திப் பழக்கினால் ஒழுங்காக ஓட்டுவேன்."

இந்தக் கட்டுரையை முதலில் சித்தப்பாவிடம் கொடுத்தேன். படித்து முடித்தும் நெடுநேரம் தாளைக் கீழே வைக்கவில்லை.

"நான் எத்தன கல்யாண வீட்டுல இதச் சொல்லிச் சிரிச்சேன், மக்களே," என்றார்.

"உங்களுக்குத் தெரியாதே சித்தப்பா."

"அண்ணனுக்குத் தெரியுமே. கேட்டுட்டு இருந்தாரே." பிறகு, "இப்படியே போடு. என்னப் பத்தி எழுதினதையும் வெட்டாத," என்றார். அடித்திருந்த வரியை ரப்பரால் தேய்த்து, பென்சில் தடத்தை அழித்துக் கொடுத்தார். அந்த வரி இந்த மலரில், இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அப்பாவின் கடைசி நாட்களில் எங்களுக்குக் கைகொடுத்தவர்கள் பலர். இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், ரத்தம் கொடுத்த டேங்கர் டிரைவர்கள், அம்மாவைத் தனியாக விடாத கரமனை அண்டைவீட்டார், ஒடிந்த கையை மறந்து அப்பாவின் கையைப் பிடித்து நடத்திய சுகுமாரன் அண்ணன், தாளில் இருந்த உண்மையை நம்பி வண்டிச் சாவியைக் கொடுத்த டேங்கர் முதலாளி, இந்த மலரைக் கொண்டுவந்த சித்தப்பா எல்லோருக்கும் அம்மாவும் நானும் நன்றி சொல்கிறோம். மதில் இடிந்த வீட்டின் அம்மா, மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போன அப்பாவுக்கு உட்கார நாற்காலி போட்டுச் சாயா கொடுத்தார்களாம். அவர்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. அவர்களுக்கும் நன்றி.

இந்த மலரைப் பெறுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆறு வருஷக் கதையைச் சொல்வதை நிறுத்த வேண்டாம். நல்ல கதைதான், சிரிப்பு வரும். இனிச் சொல்லும்போது என் பெயரில் சொல்லுங்கள்.