எஞ்சின் பக்கத்துக் காது

குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். கிற்றார் அலறும் த்ராஷ் மெற்றல் இசை அல்பம் ஒன்று நாற்பது நிமிடம். மிச்ச நேரத்தில் கைபேசியிலேயே விமர்சனத்தை எழுதி முடித்துவிடுவேன். இறங்குதுறையில் சிக்னல் வந்ததும் பதிவேற்றிவிட்டு, நல்ல பிள்ளையாக அலுவலகத்துக்கு நடப்பேன். நான் கையெழுத்து வைக்கும் நேரத்துக்கு உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் நாலைந்து பேருடைய காலைச் சாப்பாடு கெட்டுப்போயிருக்கும்.

நெடுந்தீவில் அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலை, வீடு புங்குடுதீவில். பட்டம் முடித்துப் பல காலம் காத்திருந்து கிடைத்த வேலை. அதில் என்னை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் நான் நடத்திய மெற்றல் விமர்சன இணையப் பக்கத்தில் கேட்டார்கள். புதிதாக வரும் த்ராஷ் குழுக்கள், பழைய பாணி ஹெவி மெற்றல் வாசிக்கும் இளம் குழுக்கள், எல்லாவற்றுக்கும் பத்துக்கு எத்தனை புள்ளி என்று நான்தான் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்த தமிழ்ப் பெடியள் அதை வாசித்தார்கள். நன்றாக இருக்கிறது என்று எழுதினால் பேசாமல் போவார்கள். திட்டி எழுதினால் பகிர்வார்கள். நான் வேகமாகக் கற்றுக்கொள்கிற ஆள்.

"இவர்களுடைய ட்ரம்ஸ் பிளாஸ்ரிக் வாளி போல் ஒலிக்கிறது. வாளியில் தண்ணீராவது பிடிக்கலாம்." இது ஒரு தென்னமெரிக்கக் குழுவுக்கு. "மூத்தவர்கள் நாற்பது வருடத்துக்கு முன் வாசித்ததை இவர்கள் அச்சுப் பிசகாமல் வாசிக்கிறார்கள். மூத்தவர்களிடம் கோபம் இருந்தது, இவர்களிடம் ஜக்கற் இருக்கிறது." இது வட ஐரோப்பாவில் ஒன்றுக்கு. அதன் பாடகர் என் தமிழை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு வாசித்துவிட்டு, இது எங்களுடைய முதல் அல்பம், ஒரு நல்ல வார்த்தையாவது கிடைக்காதா என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தையும் பக்கத்தில் போட்டு, கீழே "கிடைக்காது" என்று எழுதினேன். அன்று முழுக்க எனக்குப் பசியே எடுக்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

எனக்கு ஒரு சட்டம் இருந்தது. படகில் எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்து இருக்கையில், பெட்டி என் வலது கைப்பக்கம் இருக்கும்படி ஹெட்செற்றோடு உட்காருவேன். எஞ்சின் சத்தத்தை வெல்ல முடியாத கிற்றார் மெற்றல் இல்லை. ஒரு பயணம், ஒரு அல்பம், ஒரு தீர்ப்பு. கரையில் இரண்டாம் தரம் கேட்பது கோழைகளின் வேலை. இதையெல்லாம் பக்கத்தின் தலைப்பிலேயே எழுதி வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமைப் பின்னேரப் படகில் ஓர் அண்ணை வருவார். நெடுந்தீவுக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. உப்புத் தண்ணீர் படாமல் கிற்றாரை இரண்டு உரப்பைக்குள் போட்டுக் கட்டி, குழந்தையைப் போல மடியில் வைத்திருப்பார். ஒருநாள் என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"நீர்தானே உந்த மெற்றல் பக்கத்தில எழுதிற ஆள்?"

"ஓம் அண்ணை. என்னெண்டு தெரியும்?"

"போனைக் குத்திக் குத்தித் தனியச் சிரிக்கிற ஆள் இந்தப் படகில நீர் ஒராள்தான். அதுகும் மற்றவனைத் திட்டேக்கை மட்டும் வாற சிரிப்பு."

யாழ்ப்பாணத்தில் ஒரு குழுவில் அவர் இரண்டாவது கிற்றார். பழைய பாணி ஹெவி மெற்றல், இரண்டு கிற்றார் ஒன்றோடொன்று பேசுகிற வகை. சேர்ச் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடிப் பழகியவர், அந்தப் பழக்கத்தைத்தான் கிற்றாருக்குக் கொண்டுவந்தேன் என்றார். முதல் அல்பம் அடுத்த கிழமை வருகிறது.

"காத்தடிச்சாப் படகு இல்லை. படகு இல்லையெண்டாப் பயிற்சிக்கு நான் இல்லை. ட்ரம்ஸ் அடிக்கிற பெடியன்தான் எல்லாத்துக்கும் தலைவர். அவனுக்கு என்னில வெறுத்துப்போச்சு. அல்பம் வரட்டும், என்ன கதைக்கினம் எண்டு பாத்திட்டு என்னை வைச்சிருக்கிறதோ விடுறதோ எண்டு முடிவெடுப்பம் எண்டிட்டான். உம்மடை பக்கத்தைத்தான் அவங்கள் வேதம் மாதிரி வாசிக்கிறவங்கள்."

"அப்ப நல்லாய் எழுதச் சொல்லுறியளோ?"

"சீச்சீ. பொய் எழுதாதையும். கேட்டிட்டு எழுதும், அவ்வளவுதான்."

திங்கட்கிழமைக் காலையில் கேட்டேன். முதற் பாட்டிலேயே ஏதோ பிழைத்தது. கிற்றார் ஒரு றிஃபை, திரும்பத் திரும்ப வரும் சின்னச் சுரக்கோவையை, வாசிக்கும். பிறகு நாலு தாளத் தட்டுக்கு வாயை மூடிவிடும். ட்ரம்ஸும் பேஸும் தனியே நடந்துகொண்டிருக்கும். திரும்ப றிஃப், திரும்ப மௌனம். எட்டுப் பாட்டிலும் இதே கதை. இரண்டாவது கிற்றாரைத் தேடினேன். வலது பக்கம் எஞ்சின்தான் உறுமியது. என் சட்டப்படி, எஞ்சினுக்குள் அமிழ்ந்துபோன கிற்றார் கிற்றாரே இல்லை.

தெரிந்தவர் என்பதற்காக இளகிவிட்டேன் என்று ஒருவரும் சொல்லக்கூடாது. எழுதினேன்:

"அட்டைப் படத்தில் இரண்டு கிற்றார்காரர் நிற்கிறார்கள். அல்பத்தில் ஒருவர்தான் வாசிக்கிறார். மற்றவர் படம் எடுப்பதற்காக மட்டும் வரவழைக்கப்பட்டவர் போலும். றிஃபுக்கு றிஃப் நாலு தட்டு வெறுமை. அந்த இடைவெளியில் ஆள் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கலாம், இல்லாவிட்டால் படகைத் தவறவிட்டிருக்கலாம். பத்துக்கு மூன்று."

படகு என்ற சொல்லைச் சேர்த்ததும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. அவரை அறிந்தவர்களுக்கு மட்டும் விளங்கும் இடத்தில் ஊசி ஏற்றியிருந்தேன். மத்தியானத்துக்குள் எல்லோரும் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். தலைவரான அந்த ட்ரம்ஸ்காரப் பெடியனே கீழே வந்து எழுதினார்: "நன்றி. எங்களுக்கு இருந்த சந்தேகம் தீர்ந்தது."

அந்த வெள்ளிக்கிழமை அண்ணை படகுக்கு வரவில்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. சங்கக்கடைக்குப் போய் ஒரு சோடா கேட்டேன். எடுத்து வைத்தார்.

"கோவமோ அண்ணை?"

"கோவமெண்டில்லை. என்னை விட்டிட்டாங்கள், அது வேறை கதை. நாலு தட்டு வெறுமை எண்டு எழுதினீர். அதுதான் எனக்கு விளங்கேல்லை. அந்த நாலு தட்டும் நான்தானே ஐசே."

எல்லாக் கலைஞர்களும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன். சோடா நன்றாகக் குளிர்ந்திருந்தது. போகிற வழியில் அதையும் ஒரு பகிடியாகக் குறித்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் அலுவலகத்தில் ஒரு சூம் பயிற்சி. என் பக்கத்து மேசை அக்காவின் கணினியில் சத்தம் வரவில்லை. "தம்பி, உம்மடை ஹெட்செற்றில ஒரு பக்கத்தைத் தாரும், ரண்டு பேரும் கேப்பம்" என்றார். வலது பக்கத்தைக் கொடுத்தேன். அவர் காதில் வைத்தார், எடுத்து ஊதினார், மறுபடி வைத்தார்.

"உது செத்துப்போச்சு தம்பி."

"இல்லை அக்கா, நான் ஒவ்வொரு நாளும் கேக்கிறனான்."

"என்னத்தைக் கேக்கிறீர்? உப்புப் பிடிச்சுப் பச்சையாய்க் கிடக்குது, பாரும். உது கனகாலத்துக்கு முந்தியே போயிருக்கும்."

வாங்கி வைத்துப் பார்த்தேன். சுத்த அமைதி. அலுவலகத்து மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. படகில் அந்த அமைதியை நிரப்ப எப்போதும் எஞ்சின் இருந்தது.

மத்தியானம் அக்காவின் ஹெட்செற்றை இரவல் வாங்கிக்கொண்டு பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்குள் போனேன். முதற் பாட்டு. இடது பக்கம் றிஃப். பிறகு அந்த நாலு தட்டு. வலது பக்கத்தில் இருந்து பதில் வந்தது. இடது கிற்றார் ஒன்றைச் சொன்னால், அண்ணை அதையே ஒரு படி மேலே தூக்கி, கொஞ்சம் கோணலாக, கொஞ்சம் பகிடியாகத் திருப்பிச் சொன்னார். இரண்டாம் பாட்டில் இரண்டும் சேர்ந்து ஏறியபோது என் கழுத்து மயிர் எழும்பியது. எட்டுப் பாட்டையும் நின்றபடியே கேட்டேன். அல்பத்தில் நல்லது எல்லாம் வலது பக்கத்தில் இருந்தது. அக்கா கதவைத் திறந்து, ஒரு பக்கத்தைப் பிடுங்கித் தன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதென்ன கோதாரி, மா அரைக்கிற மில்லுக்குள்ள தலையைக் குடுத்த மாதிரி" என்று சொல்லிப் போனார்.

பிறகு என் பழைய விமர்சனங்களைத் திறந்தேன். வெறுமை, மெலிவு, அரைகுறை. மாதக்கணக்காக ஒவ்வொரு குழுவுக்கும் இதே சொற்கள். அவற்றை நான் திருத்தவில்லை. தூரத்தில் இருப்பவர்கள், ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன்.

இந்த ஒன்றுக்கு மட்டும் திருத்தம் எழுதினேன். ஹெட்செற் பழுது என்று ஒப்புக்கொண்டு, இரண்டாவது கிற்றாரைப் பற்றி ஒரு பந்தி எழுதி, பத்துக்கு எட்டுப் போட்டேன். தலைவருக்கும் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "பரவாயில்லை. நீங்கள் முதலில் சொன்னதுதான் சரி. அவருடைய பகுதியை எடுத்துவிட்டு, முதற் கிற்றாரையே இரண்டு பக்கமும் போட்டுத் திரும்ப வெளியிட்டிருக்கிறோம். இப்போது சுத்தமாக இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்."

அந்த வெள்ளிக்கிழமை அண்ணை படகுக்கு வந்தார். கிற்றார் இல்லை. யாழ்ப்பாணத்தில் பல்லுப் பிடுங்கப் போகிறாராம், கன்னம் வீங்கியிருந்தது. எஞ்சினில் இருந்து தள்ளி உட்கார்ந்திருந்த என்னிடம் நேரே வந்தார்.

"ஹெட்செற் புதுசோ?"

"ஓம் அண்ணை."

"ரண்டு பக்கமும் கேக்குதோ?"

"கேக்குது."

"நல்லது. உந்தத் திருத்தத்தை எடுத்துவிடும்."

"ஏன் அண்ணை? அது உண்மைதானே."

"முதல் எழுதினதையும் உண்மை எண்டுதானே எழுதினீர். அப்ப வாசிச்சவங்கள் எனக்கு வாசிக்கத் தெரியாது எண்டு நினைச்சாங்கள். இப்ப பாவம் எண்டு நினைக்கிறாங்கள். முந்தினதே போதும்."

கையை நீட்டினார். புதிய வெளியீட்டைத்தான் கேட்கப்போகிறார் என்று விளங்கியது. கொடுத்தேன். ஹெட்செற்றை மாட்டி, முதற் பாட்டை முழுக்கக் கேட்டார். நாலு தட்டு வரும் இடங்களில் அவருடைய இடது கை விரல்கள் முழங்காலில் அழுத்தி அழுத்தி எடுத்தன. அங்கே இப்போது முதற் கிற்றார் தான் சொன்னதையே தானே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. கழற்றித் தந்தார்.

"சுத்தமாய்த்தான் இருக்கு. நீரும் கேட்டிருப்பீர். எத்தினை போடுவீர்?"

ஒன்று என்று சொல்லியிருக்கலாம். சைபர் என்றும் சொல்லியிருக்கலாம். பொய் எழுதாதையும் என்று சொன்ன ஆள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு."

"முந்தி மூண்டு."

"ஓம்."

"அப்ப என்னைக் கழிச்சா ஒண்டு கூடுது." வீங்கிய கன்னத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்க நொந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

திருத்தத்தை அவர் முன்னாலேயே அழித்தேன். "முதல் எழுதினதையும் அழிச்சுவிடட்டோ அண்ணை?"

படகு குறிகட்டுவானில் அணைந்துகொண்டிருந்தது. அவர் எழும்பிவிட்டார்.

"அதை விடும். அது என்னைப் பற்றினது இல்லையே. உமக்குக் கிடக்கட்டும்."

அது அங்கேதான் கிடக்கிறது. நான் எழுதியவற்றில் இன்றைக்கும் கூடுதலாகப் பகிரப்படுவது அதுதான்.