அக்காவின் இயந்திரத்தில் பாதி காலி

பிற்பகல் மூன்றே கால் மணிக்குத் தொலைபேசியில் செய்தி வந்தது. பேசியவர் அக்காவோடு வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்தவர், முன்னறிவிப்பு எழுதுகிறவர். தானே வெயில் என்று எழுதிவிட்டுத் தானே குடையோடு வருவதால் அவருக்கு அக்கா வைத்த பெயர் குடை.

"தம்பி, உங்க அக்கா உக்காந்த நாற்காலியிலயே போயிட்டாங்கப்பா."

அலுவலகத்தின் பெரிய கணினியைப் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. அது அன்றன்றைய காற்றையும் மழையையும் கணக்கிடும். படகுகள் கிளம்புவதற்குள் முடிவு வந்தாக வேண்டும். கொஞ்ச காலமாகத் தாமதமாகவே வந்தது. படகுகள் ஒன்றும் தெரியாமலே கடலுக்குள் போயின. அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நினைவகம் போதவில்லை போல, இன்னும் வாங்கலாம் என்றாராம் குடை.

"பாதி காலியாக் கெடக்கு சார். நாளைக்கு மழை எங்க பெய்யும்னு தெரியுது, இது தெரியலையா உங்களுக்கு?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா எனக்கு விளக்கினாள். அந்தக் கணினிக்கு இரண்டு மூளை. ஒவ்வொன்றின் அருகிலும் தனி அறை மாதிரி ஒரு நினைவகம். ஒரு கோப்பைப் படித்தால், மறுபடி கேட்கும்போது உடனே கொடுக்க, கணினியை உள்ளிருந்து நடத்தும் கெர்னல் என்ற நிரல் அதன் நகலை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். கேட்ட மூளைக்கு அருகிலேயே வைக்கும். இங்கே எல்லாக் கோப்புகளையும் படித்தது ஒரே மூளை. அதன் அறை நகல்களால் நிரம்பிவிட்டது. அங்கே வானிலைக் கணக்குப் போட வந்த நிரலுக்கு இடமில்லை. தன் எண்களை எதிர் அறையில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் போய்ப் போய் வந்தது.

"எதிர் வீட்ல உப்பு புளியை வெச்சுட்டு இங்க சமைக்கிற மாதிரிடா."

"அப்புறம் என்னக்கா பண்ணே?"

"நகலை ஒரே இடத்துல குவிக்காத, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி வைன்னேன். கெர்னல் சொன்னா கேக்கும். உன்ன மாதிரி இல்ல."

சொல்லும்போது அவள் விரல்கள் வெயில் விழுந்த மேசைமேல் எதையோ இங்கொன்றும் அங்கொன்றுமாக வைத்துக்கொண்டே போயின. இப்போதும் எனக்கு அது தெரிகிறது: நீளமான இரண்டு அறைகள், ஆள் இல்லை, வெளிறிய தாள்கள் சத்தமில்லாமல் மாறி மாறி இறங்குகின்றன. நடுவில் அவள் வெறுங்காலோடு நடக்கிறாள்.

அதன் பிறகு வந்த முதல் முடிவு பலத்த காற்று என்றது. விடியுமுன், இருட்டோடேயே அந்த முடிவு வந்துவிட்டது. படகுகள் கரையிலேயே நின்றன.

நேற்று அவள் சாமான்களை எடுத்துவரப் போனேன். குடை வாசல்வரை வந்தார்.

"அந்த மாத்தம் அவங்க கையால போட்டது தம்பி. கணினியை நிறுத்தி மறுபடி போட்டா போயிடும். தொடங்குறப்பவே தானா வர மாதிரி ரெண்டு வரி எழுதி வைக்கிறேன்னாங்க."

அந்த இரண்டு வரிகளை அக்கா எழுதியிருக்கவில்லை.